இரவல் ஊர்

"ஆளில்லாத ஊருக்கு எவன் ஆஸ்பத்திரி கட்டுவான்? அதிகாரி வர்றப்ப ஊரு நிறைஞ்சு இருக்கணும்" என்றார் கல்லுதொட்டி பிரசிடெண்ட் ஆஞ்சப்பன்.

அவர் பயத்துக்குக் காரணம் இருந்தது. பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று போன வருஷம்தான் சர்க்கார் அங்கே பள்ளிக்கூடத்தை மூடியது. ஒரு இலாகா மூடிவிட்டுப் போனால் இன்னொரு இலாகா திறக்க வருமே, அப்படி இப்போது பிரசவ ஆஸ்பத்திரிக்கு இடம் பார்க்க வருகிறார்கள்.

ஆஞ்சப்பனின் மூத்த மகள், பிரசவத்துக்குக் கட்டிலில் வைத்துத் தேன்கனிக்கோட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன வழியில், காட்டிலேயே செத்துப்போனவள். இளையவள் காவேரிக்கு இப்போதுதான் கல்யாணமாகியிருந்தது.

ஊரிலோ பாதி வீடு பூட்டிக் கிடந்தது. எல்லோரும் பெங்களூருக்கு மண் வேலைக்குப் போய்விட்டார்கள்.

யானைக்காட்டுக்கு அந்தப் பக்கம் பனப்பள்ளி. அந்த ஊர்ப் பிரசிடெண்ட் வெங்கடசாமியிடம் ஆஞ்சப்பன் போனார்.

"ஒரே ஒரு நாளைக்கு உங்க ஜனங்களை அனுப்பி வெய்யி, தம்பி."

"இதுக்குப் போயி தயங்குவாங்களாண்ணா? ஆடு, கோழி உட்பட ஓட்டிட்டுப் போங்க. காவேரி எனக்கும் பொண்ணு மாதிரிதானே."

ஆஞ்சப்பனுக்குக் கண் கலங்கிவிட்டது.

அதிகாரி வந்தார். பூட்டிக் கிடந்த வீடுகளில் அடுப்பு புகைந்தது. ஜீப்பைச் சுற்றி ஒரே கூட்டம்.

"இவ்வளவு ஜனமா?"

"பெருகிக்கிட்டே போவுதுங்க" என்றார் ஆஞ்சப்பன் பெருமையாக.

"அப்ப உங்களுக்கு ஆஸ்பத்திரி கிடையாது. ஜனங்க விட்டுட்டுப் போற ஊருங்களைத் தூக்கி நிறுத்தத்தான் இந்தத் திட்டம்."

ஆஞ்சப்பன் பதறிப்போனார். "ஐயா, இவங்க எங்க ஊரு இல்லீங்க. பனப்பள்ளியிலேர்ந்து இரவலாக் கூட்டியாந்தேனுங்க."

"ஆஸ்பத்திரிக்காகப் பொய் சொல்லாதீங்க பெரியவரே. நான் கண்ணால பார்த்ததைத்தான் எழுதுவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டு அதிகாரி ஜீப்பில் ஏறினார். "அடுத்து எங்கேப்பா?"

"பனப்பள்ளிங்க" என்றான் டிரைவர்.

பனப்பள்ளியில் ஒரு கோழிகூட இல்லை. வெறிச்சோடிய தெருவில் வெங்கடசாமி மட்டும் கைகட்டி நின்றார்.

"எல்லாரும் பொழைக்கப் போயிட்டாங்க சார்."

கண்ணால் பார்த்ததை மட்டுமே எழுதும் அதிகாரி உருகிப்போய், அங்கேயே ஆஸ்பத்திரிக்கு இடம் குறித்தார்.

ஜீப் டிரைவர் வெங்கடசாமியின் மச்சான் என்பதும், திட்டம் எந்த மாதிரி ஊருக்கு என்பதை அவன் முன்கூட்டியே சொல்லிவிட்டான் என்பதும் ஆஞ்சப்பனுக்குப் பிறகுதான் தெரிந்தது.

மறு வருஷம். நிறைமாதக் காவேரியை யானைக்காட்டைத் தாண்டி எப்படிக் கொண்டுபோவது என்று ஆஞ்சப்பன் தவித்துக்கொண்டிருந்தபோது, வெங்கடசாமி சிரித்த முகமாக வந்து உட்கார்ந்தார்.

"நாளன்னிக்கு ஆஸ்பத்திரி திறப்பு விழாண்ணா, மந்திரி வர்றாரு. கூட்டம் கம்மியா இருந்தா நல்லாவா இருக்கும்? அன்னிக்கு நான் அனுப்பினேனில்ல, அது மாதிரி நீங்களும் உங்க ஜனங்களை ஒரு நாளைக்கு அனுப்பி வெய்யுங்க."