பென்ஷனுக்கு ஒரு படம்

"இன்னும் கொஞ்சம் சேர்ந்து உட்காருங்க சார்."

அவர் நகர்ந்தார். அவர் மனைவி நகரவில்லை.

ஸ்டூடியோக்காரர் விடுகிற ஆளாகத் தெரியவில்லை. ஓய்வு பெறுகிற ரயில்வேக்காரர்களை மனைவியோடு உட்காரவைத்துப் படமெடுத்தே பொன்மலையில் காலம் தள்ளுகிறவர். அந்தப் படம் இல்லாமல் பென்ஷன் தாள் அசையாது.

"பொண்ணு பார்க்க வந்த மாதிரி இருக்கீங்களேம்மா" என்றார் சிரித்துக்கொண்டே.

அவள் சிரிக்கவில்லை.

வீட்டிலேயே சொல்லிவிட்டாள். அந்தப் பத்து மாதத்தைப் பென்ஷனில் சேர்க்கக் கூடாது. அந்தக் காசில் ஒரு வாய் சோறுகூட எனக்கு இறங்காது.

ஆபீஸில் பேசிவிட்டு வருகிறேன், நீ நேரே ஸ்டூடியோவுக்கு வந்துவிடு என்று கிளம்பிப் போயிருந்தார். வந்துவிட்டாள். இன்னும் கேட்கவில்லை. இவரும் சொல்லவில்லை.

பத்து மாதம்.

ரயில்வே வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரப் பட்டாளத்திலும் பேர் கொடுத்திருந்தார். வருஷத்துக்கு ஒரு முறை முகாம். பட்டாள உடுப்பு. அதைப் போட்டுக்கொண்டால் தெருவில் நடக்கும் நடையே வேறு. ஒரு வருஷம் நிஜமாகவே கூப்பிட்டுவிட்டார்கள். எல்லைப் பக்கம் ரயில் ஓட்டப் போனார்.

அப்போதுதான் மகள் ஜெசிந்தா போனாள். மூளைக் காய்ச்சல்.

நாலு வயசு.

தந்தி இவரைத் தேடிப் பிடிப்பதற்குள் பிள்ளையைக் கல்லறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். முதல் பிடி மண் போட அப்பன் இல்லை. அவளே போட்டாள்.

அதன் பிறகு சண்டை என்று ஒன்றும் வந்ததில்லை. ஆக்கிப் போட்டாள். காய்ச்சல் என்று படுத்தால் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். அந்த வருஷத்தைப் பற்றி மட்டும் வாயே திறக்கவில்லை. திட்டியிருக்கலாம். நாலு பேர் கேட்கும்படி திட்டியிருந்தால் இவருக்கும் கொஞ்சம் ஆறியிருக்கும்.

காலையில் ஆபீஸ் கிளார்க் இவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"பட்டாளத்து சர்வீஸைச் சேருங்கன்னு ஒவ்வொருத்தரும் நடையா நடக்குறாங்க. நீங்க எடுக்கச் சொல்றீங்க. அதெல்லாம் எடுக்க முடியாது சார். உங்களுக்கு நல்லதுதானே?"

நல்லதுதான். தலையாட்டிவிட்டு வந்துவிட்டார்.

ஸ்டூடியோக்காரர் விளக்கைப் போட்டார். கண் கூசியது.

"என்ன சொன்னாங்க?" கேமராவைப் பார்த்தபடியே கேட்டாள்.

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"சேத்தாச்சாம். எடுக்க முடியாதாம்."

எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தார்.

போகவில்லை. மடியில் இருந்த கையை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"குடும்பத்துல யார் யாருன்னு கேட்டு ஒரு தாள் குடுத்திருக்காங்கள்ல. அதுல அவ பேரையும் எழுதுங்க."

இறந்தவர்கள் பேரை அதில் எழுத மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

"எழுதுறேன்" என்றார்.

அவருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. விளக்கு வெளிச்சத்தில் அதை ஒளித்துவைக்க இடமில்லை.

ஸ்டூடியோக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்துவிட்டுச் சும்மா நின்றார்.

"வயசும் கேட்டிருக்கான்" என்றார் இவர், அவள் பக்கம் திரும்பி. "நாலுன்னு போடவா?"

"முப்பத்தொண்ணு" என்றாள், யோசிக்காமல். "வர்ற மே மாசம் முப்பத்திரெண்டு."