றாபியா மிஸி மேல் ஒரு பெட்டிசம்

‘றாபியா மிஸிக்கு ஊசி போடவே தெரியாது’ என்று குணம் எழுதினாள். எழுதி முடித்ததும் பேனையை மேசையில் ஓங்கி வைத்தாள்.

“இன்னொருக்கா எழுது,” என்றார் டொக்டர். “கையெழுத்த மாத்தாம எழுது.”

“மாத்தி எழுத நான் என்ன கள்ளியா?”

“அதத்தானே பாக்கப் போறன்.”

கல்முனைக் கரையில் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் தாதி வேலைக்கு மொத்தம் ஆறு மிஸிமார். நாலு பேர் ஏற்கெனவே இதே வரியைத் தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆஸ்பத்திரிப் புத்தகமெல்லாம் இங்கிலீஷில் நடப்பதால் எவளுடைய தமிழ் எழுத்து எப்படி இருக்கும் என்று டொக்டருக்குத் தெரியாது.

றாபியாவை மட்டும் அவர் எழுதச் சொல்லவில்லை. பாவம், பெட்டிசத்தில் நாறிப்போனவளே அவள்தானே! லேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு சுவரோர மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள்.

கையொப்பம் இல்லாத மொட்டைப் பெட்டிசம் அது. றாபியாவுக்கு இரத்தம் ஏற்றத் தெரியாது, மாதம் குறைந்து பிறந்த பிள்ளையைப் பார்க்கத் தெரியாது, புது மருந்துகளின் அளவு தெரியாது என்று இரண்டு பக்கம். கலியாணமாகாத ஒரு பெண்ணைப் பற்றிப் பெட்டிசம் என்றால் நடத்தையைப் பற்றி நாலு வரியாவது இருக்கும். இதில் அப்படி ஒரு சொல்லும் இல்லை, எல்லாம் தொழில்தான்.

டொக்டர் அதைக் கிழித்துக் குப்பையில் போட்டிருப்பார். ஆனால் எழுதிய மகராசி கொழும்பில் மேலதிகாரிமார் இருக்கும் பெரிய கந்தோருக்கும் ஒரு பிரதி அனுப்பித் தொலைத்திருந்தாள். ‘வேலையில் இருக்கும் மிஸிமாருக்கான ஆறு மாத மேற்படிப்புக்கு இவளை ஏன் இதுவரை அனுப்பவில்லை? திங்கட்கிழமை இங்கே நிற்க வேண்டும்’ என்று அங்கிருந்து சுடச்சுடப் பதில் வந்துவிட்டது.

அந்தப் படிப்புக்கு றாபியா மூன்று தரம் விண்ணப்பம் போட்டவள். மூன்றையும் டொக்டர் மேசை லாச்சிக்குள் தள்ளிவிட்டார். “உனக்குத் தெரியாத வேலையா? நீ போனா சாய்ந்தமருதுப் பொம்பிளையள் வேற ஆரத் தொட விடுவாளுகள்?” என்பார். ஆறு பேரில் முஸ்லிம் மிஸி அவள் ஒருத்திதான்.

குணத்துக்கு அப்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரே சந்தோஷம். பதினாலு வருஷம் சேவை பார்த்த தனக்கு இல்லாத படிப்பு, நேற்று வந்த இவளுக்கு என்னத்துக்கு? றாபியாவைக் கண்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். பெட்டிசம் வந்த அன்று, “எழுதின கைக்குத் தங்கக் காப்புப் போடோணும்” என்று வாட்டு நடுவில் நின்று வாய்விட்டுச் சொல்லியும் விட்டாள். அந்த வாய்தான் இப்போது அவளை இங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது.

டொக்டர் ஐந்து கடுதாசியையும் பெட்டிசத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒன்றும் பொருந்தவில்லை. ஐந்தையும் கசக்கி எறிந்தார்.

“உறையில காரைதீவுத் தபால் முத்திரை இருக்கு. இங்க காரைதீவுக்காரி நீ ஒருத்திதான்.”

“காரைதீவுப் பெட்டியில ஆரும் போடலாம்தானே!”

“கதையாத! எனக்கு ஆறு மாசம் ஆள் இல்லாமப் பண்ணிப்போட்ட. திங்கக்கிழமைக்குள்ள ஒத்துக்கொள்ளு. இல்லெண்டா மன்னாருக்கு மாத்தச் சொல்லி எழுதுவன்.”

குணம் காரைதீவை விட்டு எப்படிப் போவாள்? வீட்டில் அம்மா படுத்த படுக்கை. காலையும் மாலையும் புரட்டிப் போட்டு, துடைத்து, கஞ்சி பருக்க அவளைவிட்டால் நாதியில்லை. மன்னாருக்குப் போனால் அம்மாவைத் திரும்ப உயிரோடு பார்க்க முடியாது. செய்யாத குற்றத்தை ஒத்துக்கொள்ளவும் மனம் வரவில்லை. றாபியாவைத் திரும்பிப் பார்த்தாள். அவளோ மூக்கிலிருந்து லேஞ்சியை எடுக்காமலே எழுந்து போய்விட்டாள்.

குணம் பின்னாலேயே போய், மிஸிமார் விடுதியில் அவளுடைய அறைக் கதவை உதைக்காத குறையாகத் தள்ளித் திறந்தாள். உள்ளே றாபியா றங்குப்பெட்டியில் சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“வாயத் திறந்து ஒரு சொல்லுச் சொன்னியாடி? நான் எழுதல்லெண்டு உனக்குத் தெரியாதா?”

“தெரியும், அக்கா.”

“தெரிஞ்சும் ஊமச்சி மாதிரி இருந்தியே! உனக்கு நெஞ்சில ஈரம் இருக்கா? என்ட அம்மா செத்தா நீயா வந்து கொள்ளி வெப்ப?”

றாபியாவின் கண் உண்மையிலேயே கலங்கிவிட்டது. தலையணைக்கு அடியிலிருந்து ஒட்டிய உறை ஒன்றை எடுத்துக் குணத்தின் கையில் திணித்தாள்.

“நாளைக்கி நான் பஸ் ஏறுறன். மட்டக்களப்பில ரயிலும் எடுத்து, கொழும்புக்குப் போய்ச் சேந்திருவன். திங்கக்கிழம விடிய இத டொக்டருக்கிட்டக் குடுங்க. உங்கட மாத்தம் அதோட நிண்டுரும். அல்லாஹ்மேல ஆணையா, அக்கா.”

“இதுக்குள்ள என்ன இருக்கு?”

“பெட்டிசம் எழுதின ஆள்ட பேர் இருக்கு.”

குணத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உயிரோடு சேர்ந்து கோபமும் இரண்டு மடங்காக வந்தது.

“அப்ப ஆளையும் தெரிஞ்சு வெச்சுக்கொண்டுதான் இருந்த! ஆரடி அந்த நாசமாப் போனவள்? பேரச் சொல்லு, இப்பவே போய் அவள்ட கொண்டைய அறுத்துப்போட்டு வாறன்!”

றாபியா முந்தானையை இழுத்துத் தன் கொண்டையை நன்றாக மூடிக்கொண்டாள்.

“நான்தான், அக்கா.”