மோதிரம் வைத்த முட்டை

ஈஸ்டருக்கு மூன்றே நாள். இத்தாலியின் டுரின் நகரில் ஒர்னெல்லாவின் சின்ன சாக்லேட் கடைக்கு வந்த பெரியவர் ஒரு மோதிரத்தை நீட்டினார்.

"இதை உள்ளே வெச்சு ஒரு சாக்லேட் முட்டை செஞ்சு குடும்மா. ஓடு மெல்லிசா இருக்கணும். உருக்கின சாக்லேட்டைப் பக்குவமா ஆறவிட்டு அச்சுல ஊத்து, இல்லேன்னா பளபளப்பு வராது. ரெண்டு பாதியையும் ஒட்டின இடமும் தெரியக் கூடாது."

ஒர்னெல்லாவுக்கு எரிச்சல் வந்தது. "இவ்வளவு தெரியுதே, நீங்களே செஞ்சுக்க வேண்டியதுதானே சார்?"

"செய்யலாம். ஆத்துக்கு அந்தப் பக்கம் எனக்கும் சாக்லேட் கடைதான். ஆனா அங்க முட்டையை ஒட்டுறது என் பொண்டாட்டி. முப்பது வருஷமா ஊர்க்காரங்க கொண்டுவர்ற பரிசையெல்லாம் உள்ளே வெச்சு மூடுறா. அவளுக்குன்னு ஒரு முட்டை வந்து, அதை அவ உடைச்சுப் பார்த்தது ஒரு தடவைகூட இல்ல."

ஒர்னெல்லா கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஓடு எவ்வளவு மெல்லிசா வேணும்னு இன்னொரு தடவை சொல்லுங்கய்யா."