வலது என்றால் இடது

மைசூரில் கிரிஜம்மா நடத்தும் யோகா வகுப்பில் ஆறு மாதமாக ஒரே தலைவலி, புட்டசாமி. வலது கையைத் தூக்கச் சொன்னால் இடது கையைத் தூக்குவார்.

"சார், நாளையிலேர்ந்து புதுசா சேர்றவங்க வகுப்புக்குப் போயிடுங்க."

புட்டசாமியின் முகம் வாடியது. "அங்க தோள் பயிற்சி கிடையாதே மேடம். பாதியில விட்டா எல்லாம் வீணாயிடும்."

"உங்க தோளுக்கு என்ன? நேத்து மார்க்கெட்ல வாழைத்தாரையே தூக்கிட்டுப் போனீங்க."

"எனக்கு இல்ல மேடம், என் சம்சாரம் சுனந்தாவுக்கு. பக்கவாதத்துல வலது கை விழுந்துடுச்சு. கையை அசைச்சுக்கிட்டே இருக்கணும்னு டாக்டர் சொல்றார். அவ வெக்கப்பட்டுட்டு வாசப்படி தாண்ட மாட்டேங்கிறா. நான்தான் எதிர்ல உக்காந்து செஞ்சு காட்டுறேன். நான் இடதைத் தூக்கினாதான் என்னைப் பார்த்து அவ வலதைத் தூக்குவா. அதே பழக்கம் இங்கயும் வந்துடுது."

எதிரே நின்று சொல்லித் தரும் கிரிஜம்மாவும் இருபது வருடமாக அப்படித்தான் செய்கிறார்.

"இப்ப கை எதுவரைக்கும் வருது?"

"நேத்து என் சட்டைக் காலரைச் சரி பண்ணிவிட்டா மேடம்."

"அப்ப அடுத்தது, கை தலைக்குப் பின்னாடி போகணும். தன் கையாலேயே பூ வெச்சுக்கட்டும். உக்காருங்க, வாத்தியாரே."