மெல்லிய பட்டைகள்

அக்டோபர் பதினொன்று, சனிக்கிழமை. குன்றின்மேல் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வர ஆம்புலன்ஸ் ஓட்டுநர் மறுத்துவிட்டார். இது என் முறையீடு.

பாதைக் கற்கள் வண்டியின் அடியைப் பெயர்த்துவிடுமாம். அப்பாதையைச் செப்பனிடக் கோரி நான் எழுதிய மனுக்களில் ஓர் ஒற்றுப்பிழைகூட இருந்ததில்லை. ஆயினும் கற்கள் கிடந்த இடத்திலேயே கிடக்கின்றன.

என் மகனைப் படுத்த நிலையில் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். அவன் அம்மா கூடத்து நாற்காலிகளை எல்லாம் வெளியே எடுத்துப் போட்டுவிட்டு நிற்கிறாள்.

மைத்துனரின் ஜீப் ஒன்றே வழி. அதுவும் தாழ்ந்துபோன வண்டி. உயர்த்திக்கொள்வதற்காக ஸ்பிரிங் பட்டறைக்குப் போனோம்.

மெக்கானிக் குனிந்து அடியில் பார்த்தார்.

"ஸ்பிரிங் பட்டையெல்லாம் உக்காந்துபோச்சு சார். லோடு அடிக்கவா, மாமியார் வீட்டுக்குப் போகவா? அதைச் சொன்னாத்தான் எந்தப் பட்டைன்னு எடுக்க முடியும்" என்று சிரித்தார்.

மைத்துனர் அவரைத் தனியே அழைத்துப்போய்ப் பேசினார். திரும்பி வந்த மெக்கானிக் சிரிக்கவில்லை. தடித்த பட்டைகளாகத் தேர்ந்து, அடுக்கிப் பூட்டினார். வண்டி அரைச் சாண் நிமிர்ந்தது.

நான் பின்புறத் தகட்டில் மல்லாந்து படுத்துக்கொண்டு, பட்டறைமுன் குவிந்திருந்த கற்களின்மேல் ஓட்டச் சொன்னேன்.

என் தலை தகட்டில் மோதியது.

"இது ஆகாது. குலுங்கக் கூடாது."

மெல்லிய பட்டைகளை அடித்து வளைவு கூட்டிப் போட்டால், உயரம் சற்றுக் குறையும், குலுக்கல் தணியும் என்றார். அவ்வாறே செய்யச் சொன்னேன். மீண்டும் படுத்தேன். மீண்டும் மோதியது. அதிலும் ஒரு பட்டையைக் கழற்றச் சொன்னேன்.

"கழட்டினா அடி தட்டும் வாத்தியாரே." அவர் களைத்திருந்தார். "கொஞ்சம் குலுங்கினாத்தான் என்ன? அதுக்கு இனிமே வலிக்கவா போகுது?"

சொல்லிவிட்டு அவரே ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

நேற்று மாலைவரை மருத்துவர்கள் 'அவர்' என்றே சொன்னார்கள். இன்று காலை, 'பாடியை எப்போது எடுக்கிறீர்கள்?' என்று கேட்டார்கள். ஓர் இரவில் திணை மாறும் என்று நான் எந்த மாணவனுக்கும் கற்பித்ததில்லை.

மைத்துனர் என் தோளைப் பற்றினார்.

"விடுங்க அத்தான். அவன் ஏதோ வாய்தவறிச் சொல்லிட்டான்."

மெக்கானிக் 'அவன்'. என் மகன் 'அது'.

அடி தட்டுகிற இடந்தோறும் நான் இறங்கிக் கல்லைப் புரட்டிவிடுகிறேன், பட்டையைக் கழற்றுங்கள் என்றேன். என் குரல் வகுப்பறைக் குரலாக இல்லை.

அவர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்கடியில் ஊர்ந்து போனார்.

இதைப் படிப்பவரே, நாளை எங்கள் வாசலுக்கு வந்தாலும் சரி, வேறு எவர் வாசலில் நின்றாலும் சரி, 'எப்போது வந்தது?' என்று கேளாதீர்கள்.

'எப்போது வந்தான்?' என்று கேளுங்கள்.