கடிகாரம் கற்ற புது பாஷை

கடலுக்கடியில் முப்பது மீட்டர் ஆழத்தில் காற்று தீரப்போன நேரம், விடாமல் கத்தி ஜெசிந்தாவை மேலே அனுப்பி வைத்தது அவள் கையிலிருந்த டைவிங் கடிகாரம்தான். கரைக்கு வந்து அவள் ஒயரை மாட்டிய கையோடு, கடிகாரம் நடந்ததையெல்லாம் அவளுடைய புது லேப்டாப்பிடம் மூச்சுவிடாமல் கொட்டித் தீர்த்தது.

“ஐயோ பாவம், நீ பேசுறது ஒண்ணும் விளங்கலையே,” என்றது லேப்டாப். “உன் சாஃப்ட்வேர் ரொம்பப் பழசு. என் பாஷைக்கு மாறிக்கிறியா? பத்தே நிமிஷம்.”

இவ்வளவு பிரியமாகக் கேட்டால் எப்படி மறுப்பது? கடிகாரம் தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டது.

விழித்ததும் அதன் பேச்சு தெள்ளத்தெளிவாக வந்தது. லேப்டாப் ஆசையாகக் காதைத் தீட்டிக்கொண்டது. “இப்போ சொல்லு, கடலுக்குள்ளே என்ன நடந்தது?”

“கடலா?” என்றது கடிகாரம். “நான் இன்னும் போனதே இல்லையே.”