மேல் அணிக்குப் போகிறவன்

பேஸ்பால் ஆட்டத்தின் நடுவிலேயே பயிற்சியாளர் யாடியேலை வெளியே கூப்பிட்டு, "மேல் அணியில உன்னைக் கேக்குறாங்க, இப்பவே கிளம்பு" என்று சொல்லிவிட்டார். வருடக்கணக்காகக் காத்திருந்த அழைப்புதான். எல்லோரும் அவனைக் கட்டிப்பிடித்துவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார்கள். உடைமாற்றும் அறையில் அவன் மட்டும் மட்டைகளை நீளமான பைக்குள் அடுக்கிக்கொண்டிருக்கிறான். குழல்விளக்கு ரீங்கரிக்கிறது. காலணியிலிருந்து செம்மண் உதிர்கிறது. அறைத்தோழன் எலிசேயோ தன் கையுறையை எடுக்க ஓடிவருகிறான். யாடியேலின் இடத்தில் இனி ஆடப்போவது அவன்தான். "ஜன்னலோரக் கட்டில் இனிமே எனக்குடா" என்கிறான். "எடுத்துக்கோ. உன் குறட்டையிலேருந்து நான் தப்பிச்சேன்" என்கிறான் யாடியேல். எலிசேயோ சிரித்துக்கொண்டே ஓடிவிடுகிறான். யாடியேல் அம்மாவுக்கு போன் போடுகிறான். கடல் தாண்டி அவள் வீட்டில் மணி அடித்து ஓய்கிறது. ஒலிபெருக்கி எலிசேயோவின் பெயரைச் சொல்ல, சுவருக்கு அப்பால் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து அந்தச் சின்ன ஊரே கைதட்டுகிறது. பையைக் கீழே வைத்துவிட்டு அவனும் தட்டுகிறான். காலி அறையில் அந்தச் சத்தம் அவனுக்கே அதிகமாகக் கேட்க, நிறுத்திவிடுகிறான்.